அம்மாவைச் சித்தி என்றேன்

எனக்கு ஐந்து வயதானபோது மந்தைவெளியில் குடியிருந்தோம். அதற்கு முந்தைய வருஷம்தான் என் தம்பியைப் பெரியம்மாவுக்குச் சுவீகாரம் கொடுத்திருந்தார்கள். பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. தி.நகரில் பாத்திரக்கடை, சொந்த வீடு எல்லாம் இருந்தும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பி போன அன்று புதுச்சட்டை போட்டு, கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு பூசி, துணிமணிகளைச் சின்னப் பெட்டி ஒன்றில் அடுக்கி ரிக்‌ஷாவில் ஏற்றினார்கள். "இனிமே பெரியம்மாதான் உனக்கு அம்மா" என்று அம்மா அவனிடம் சொன்னாள். கொஞ்ச நாளில் அவன் எங்கள் அம்மாவைச் சித்தி என்று கூப்பிடப் பழகிவிட்டான். யாரும் திருத்தவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் என்னைத் தயார்செய்ய ஆரம்பித்தார்கள். அப்பா பாண்டி பஜாரிலிருந்து அலுமினியப் பெட்டி வாங்கி வந்தார். தையல்காரர் பாவாடைக்கும் சட்டைக்கும் அளவெடுத்தார். கபாலி கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. தலை வாரும்போதெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அழக்கூடாது. சொன்னபடி கேக்கணும். அங்க டீச்சர்தான் உனக்கு அம்மா, கேட்டியா?"

நான் தலையாட்டினேன். அந்த டீச்சரின் வீடு எங்கே இருக்கிறது, அங்கே எனக்குப் பாய் இருக்குமா, நான் என்ன தப்பு செய்தேன், ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவிடம் கேட்கவும் முடியாது. தம்பி போனதைப் பற்றி எது கேட்டாலும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் காலையில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்று, "சித்தி, தண்ணி வேணும்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"ஏட்டி, யாரைக் கூப்பிடுத?"

"உன்னத்தான்."

"நான் உனக்குச் சித்தியா?"

"இப்ப இல்ல. ஸ்கூலுக்குப் போனப்புறம். மறந்துடக் கூடாதுல்ல, அதான் சொல்லிப் பாக்கறேன்."

அம்மாவின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ அப்பாவைக் கூப்பிட்டாள். முகத்தில் பாதி சோப்பு நுரையோடு வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"மணியடிச்சதும் விட்டுருவாங்கம்மா. வீட்டுக்கு வந்துரலாம்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"அப்ப எதுக்கு அவங்க எனக்கு அம்மா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "அது சும்மா சொல்லுதது" என்றாள் அவள். தம்பியிடம் சொன்னதும் சும்மாதானா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அரிசியைக் களையத் தொடங்கிவிட்டாள். ஏற்கெனவே களைந்த அரிசிதான்.

பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள், ரிக்‌ஷாக்காரர் என் பெட்டியைப் பார்த்து, "இன்னா பாப்பா, இஸ்கூலுக்கா? ஷோக்கா கீற! அய்துகினு வரக்கூடாது, இன்னா?" என்றார். நான் அழவில்லை. வாசலில் அம்மாதான் என் கையை விடாமல் நின்றாள். ஆயா வந்து பிரித்துக் கூட்டிப்போனாள். வகுப்பில் கண்ணாடி போட்ட டீச்சர், "எல்லாரும் என்னை மிஸ்னுதான் கூப்பிடணும்" என்றார். எனக்கு இன்னும் குழம்பிப்போயிற்று. இவரும் அம்மா இல்லையென்றால் இப்போது எனக்கு யார்தான் அம்மா?

மத்தியானம் விட்டபோது அம்மா வெயிலில் நின்றிருந்தாள். அப்பா சொன்னது நிஜம்தான். ஆனாலும் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பக்கத்தில் போய் நின்றேன். அதன்பின் பல நாள் நான் அவளை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் புடவைத் தலைப்பை இழுப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது சீயக்காய் கண்ணில் இறங்கிவிட்டது. "அம்மா, எரியுதும்மா!" என்று கத்தினேன்.

"இந்தா, இந்தா, முடிஞ்சுது" என்று செம்பு செம்பாகத் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். எரிச்சல் போன பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.