மூன்றாவது வயர்

அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்த இராசமலருக்கு ஊரில் யாரிடமும் பயமில்லை. வாய் கொஞ்சம் நீளம். "பொம்பிளை திருத்தின றேடியோ" என்று சிரித்தபடி வாங்கிப் போகிறவர்கள், அது பாடத் தொடங்கியதும் சிரிப்பை மறந்துவிடுவார்கள்.

1986 சித்திரையில், ஜேர்மனியிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் வாசிகசாலைக்கு ஒரு விளையாட்டு விமானம் அனுப்பினார். பற்றரி மோட்டரில் பறப்பது. நிலத்தில் நின்றபடி கைப்பெட்டியால் ஓட்டலாம். விளையாட்டு விழாவில் பறக்கவிடச் சொல்லியிருந்தார். ஆனால் மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கொன்ட்ரோலர் ஒரு கொம்பனி, கட்டளையை வாங்கும் றிசீவர் வேறு கொம்பனி. இதன் பிளக் அதற்குள் போகாது.

வாசிகசாலைத் தலைவர் மார்க்கண்டு கொழும்புக்கு அனுப்புவோம் என்றார்.

"ஏன் கொழும்பு? நான் பொருத்தித் தாறன்" என்றாள் இராசமலர்.

நிர்வாகசபை சுற்றி நிற்க கொன்ட்ரோலரின் பிளக்கை வெட்டினாள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை என மூன்று வயர். வீடுகளுக்கு வயரிங் செய்து பழகிய கைக்கு மூன்றாவது வயர் என்றால் நிலத்துக்குப் போகும் எர்த்தான். வெள்ளையைக் கறுப்போடு சேர்த்து முறுக்கினாள். கைப்பெட்டியின் பிடியைத் தள்ளினாள். வால் அசைந்தது, மோட்டர் சுழலவில்லை.

"எரிச்சுப்போட்டீர் பிள்ளை" என்றார் மார்க்கண்டு. "உமக்கேன் உந்த வேலை?"

மறுநாள் மூன்று பேர் வந்து திருத்தாத றேடியோக்களைத் திருப்பி எடுத்துப் போனார்கள். அவளிடம் திருத்த வரும் வாசிகசாலை ஒலிபெருக்கியின் அம்பிளிபயரும் இனி வேறு கடைக்காம். இப்படியே போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். இராசமலருக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. விமானத்தைத் தூக்கி மேசையில் வைத்தாள்.

வாலை அசைக்கும் குட்டி மோட்டருக்கும் மூன்று வயர்தான். அது ஒழுங்காக வேலை செய்ததே! அதன் வெள்ளையைக் கழற்றிப் பார்த்தாள். மின்சாரம் இருந்தும் வால் அசையவில்லை. மாட்டினாள், அசைந்தது.

"பிளாஸ்ரிக் சாமானுக்கு எர்த் எதுக்கடி, விசரி" என்று தன்னையே ஏசிக்கொண்டாள். கட்டளை வருவதே வெள்ளையால்தான். அதன் வாயைப் பொத்திவிட்டு மோட்டரைக் குறை சொன்னால் எப்படி?

கொன்ட்ரோலரின் வெள்ளையைக் கறுப்பிலிருந்து பிரித்து அதற்குரிய இடத்தில் ஈயம் வைத்து ஒட்டினாள். விசிறி சுழன்ற காற்றில் மேசையிலிருந்த கடுதாசிகள் பறந்தன.

விழாவன்று விமானத்தோடு வந்தவளை மார்க்கண்டு மறித்தார். "சனத்துக்கு முன்னாலை உது வேண்டாம் பிள்ளை."

அவள் விலகிப் போய் மைக்கைப் பிடித்தாள்.

"முதலிலை பிழையாய்ப் பொருத்தினது நான்தான். இப்ப சரியாய்ப் பொருத்தினதும் நான்தான். பாருங்கோ."

விமானம் அறுவடை முடிந்த தோட்டத்தைச் சுற்றிப் பனைகளுக்கு மேலே ஏறியது. வானத்தில் சத்தம் கேட்டாலே பதுங்குகுழிக்கு ஓடப் பழகிய சனம், அன்று நின்ற இடத்திலேயே அண்ணாந்து பார்த்தது. வேகத்தைக் குறைத்து இறக்கும்போது மூக்கு வேலியில் இடித்தது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மூன்று றேடியோவும் திரும்பி வந்தன. பின்னால் அம்பிளிபயரைத் தூக்கிக்கொண்டு மார்க்கண்டு வந்தார்.

"உதைக் கொழும்புக்கு அனுப்பேல்லையோ, அண்ணை?"

மார்க்கண்டு அம்பிளிபயரை மூன்று றேடியோவுக்கும் பின்னால் வைத்துவிட்டு, வாங்குப் பலகையில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தார்.