தரையில் பிரேக் போட்ட அம்மா

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் ஷேர் காரில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, மடியில் கத்தரி நாற்றுக் கட்டு. நான்குவழிச் சாலையில் ஏறியதும் கார் பறந்தது. சாலை நடுவிலுள்ள மீடியனில் இடைவெளி தெரியும்போதெல்லாம், ஏதோ அங்கே பிரேக் இருப்பதுபோல அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்து டிரைவர் சிரித்தார். "பயப்படாதீக ஆத்தா. வேகத்தைக் கூட்டிப் புதுப் போர்டு வச்சுட்டாக. நூறுல போகலாம்."

"போர்டு ஒனக்குத் தெரியும் அப்பு. குறுக்க வாரவுகளுக்கு யாரு சொன்னா? அவுக இன்னும் பழைய வேகத்தை நெனச்சுத்தான காலை வைக்கிறாக!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை. அடுத்த இடைவெளியில் புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு மொபெட் குறுக்கே வந்தது. ஓட்டியவர் எங்களைத் தூரத்திலேயே பார்த்தார். போய்விடலாம் என்று நினைத்திருப்பார். டயர் கதறியது. என் நெற்றி முன்சீட்டில் மோதியது. கை நீட்டினால் புல்லைத் தொட்டிருக்கலாம், அவ்வளவு நெருக்கத்தில் மொபெட் தப்பிப் போனது.

அதன்பிறகு டிரைவர் மெதுவாகவே ஓட்டினார்.

"இங்கதான் அப்பு, நிப்பாட்டு" என்று அந்த அம்மா இறங்கினார். அவர் ஊர் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. டிரைவர் வண்டியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மீடியன் இடைவெளி வரை போய் நின்று, எதிரே தூரத்தில் வரும் லாரியைப் பார்த்தார். ஒரு காலை எடுத்து வைத்தார். பின்னுக்கு இழுத்தார். மறுபடியும் வைத்தார்.

என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.