தானாக நிரம்பாத வரி

அலைபேசியில் வசந்தமலர் அக்காவின் பெயர் தெரிந்ததும் "சொல்லுங்க அக்கா" என்றுதான் எடுத்தேன். பேசியது அவருடைய கணவர். "அவ விடியப்புறம் போயிட்டா, தம்பி" என்றார்.

கண்டியில் ஸ்கேன் படம் பார்த்து அறிக்கை எழுதும் நம் எல்லோருக்கும் அவருடைய கோபம் தெரியும். யாழ்ப்பாணத்துப் பெண், நம்மில் மூத்த டொக்டர்; குரலை உயர்த்தவே மாட்டார். உட்கார்ந்திருக்கும் கதிரையைத் திருப்பி நம்மைப் பார்ப்பார். அதுவே போதும்.

அறிக்கையை விரைவாக எழுதித்தரும் புதிய மென்பொருளைப் பரீட்சித்த நாளில் நானும் பக்கத்தில் இருந்தேன். படம் திறந்ததும் எல்லா உறுப்புக்கும் 'இயல்பானது' என்று அதுவே எழுதிவிடும். கோளாறு இருந்தால் நாம் மாற்ற வேண்டும். அந்த வரைவு உடனே வார்டுத் திரைக்கும் போய்விடும். கொண்டுவந்தவர்கள் பெருமையோடு பின்னால் நின்றார்கள். பன்வில பக்கம் தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது சறுக்கி விழுந்த ஒரு பெண்ணின் வயிற்று ஸ்கேன் வந்தது.

"நிப்பாட்டுங்கோ," என்றார் அக்கா. "மண்ணீரலை நான் இன்னும் பாக்கேல்லை. இது ஆர் பாத்தது?"

அக்கா படத்தை நகர்த்தினார். மண்ணீரல் கிழிந்து இரத்தம் கசிந்திருந்தது. வார்டுக்கு அழைத்தார். "வீட்டுக்குப் போகச் சொல்லித் துண்டு வெட்டியாச்சு டொக்டர், இப்பத்தான் கிளம்பினாங்க" என்றார் தாதி.

நான் படிகளில் ஓடினேன். வாசலில் அந்தப் பெண் ஓட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தாள். "ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாங்க சார்?" என்றார் புருஷன். அவளைப் பிடித்து இறக்கினேன். அன்றே சத்திரசிகிச்சை செய்தார்கள், பிழைத்துக்கொண்டாள்.

அதன்பின் அக்கா விடவில்லை. "வெறுமையா இருந்தாத்தான் கண் தேடும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். நேரம் வீணாகும் என்று மேலிடம் முணுமுணுத்தது. கடைசியில் வரிகள் எல்லாம் வெறுமையாயின. ஒன்றை நிரப்பாமல் அடுத்ததற்குப் போக முடியாது.

இந்த மழைக்காலம் தொடங்கும் முன் அக்காவின் ஸ்கேனே என் திரைக்கு வந்தது. என்னிடம்தான் கொடுக்கச் சொன்னாராம். கல்லீரலில் பல கட்டிகள் தெரிந்தன; அந்த வரியில் என் கை நின்றுவிட்டது. தாண்டிப் போக வழியில்லை. அந்த வழியை அடைத்தவரே அவர்தான். தொலைபேசி அடித்தது.

"கல்லீரலிலை நிக்கிறீரோ?"

"ஆமாங்க அக்கா."

"பாத்ததை எழுதும். நான் வாசிக்கத்தானே போறன்."

எழுதினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வெறும் வரிதான். அவர் போன செய்தி வந்த காலையிலும் மேசையில் யாருடைய ஸ்கேனோ திறந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.