செடிக்குச் சூடு

தபால் வழியில் தாவரவியல் பட்டம் வாங்கியவன் நான். தொண்ணூறுகளில் பர்மாவில் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் திறந்திருந்த நாளைவிட மூடிக்கிடந்த நாளே அதிகம். ஒரு செடியையும் தொடாமலே தேறிவிட்டேன். ஆனாலும் சொந்தத்தில் யார் வீட்டில் இலை பழுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படித்தான் லான்மடாவில் மூன்றாம் மாடியிலிருந்த அக்கா வீட்டுக்குப் போய், அவள் படுக்கையறை மூலையில் நின்ற கஞ்சாச் செடிக்கு வைத்தியம் பார்த்தேன்.

அக்காவுக்கு வயிற்றில் புற்று. மருந்து ஏற்றி ஏற்றி வாயெல்லாம் புண். நாளுக்கு ஒரு சொல், இரண்டு சொல் பேசினால் பெரிது. கஞ்சிகூட இறங்கவில்லை. சாப்பிட்டுத் தெம்பு வராமல் அடுத்த ஊசி போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் பர்மியர், தமிழ் அரைகுறை, ஆனால் அவள்மேல் உயிர். இந்தச் செடியின் பூவைக் கொடுத்தால் பசி எடுக்கும் என்று யாரோ ஒரு நாட்டு வைத்தியர் சொல்ல, தொட்டியில் வளர்க்கத் தொடங்கிவிட்டார். பிடிபட்டால் ஜெயில். வாசனை தெருவுக்குப் போகாமலிருக்க ஜன்னலை இறுக அடைத்து, இடுக்கில் பழைய கைலியைத் திணித்து, அதன் கீழேயே தொட்டியை வைத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

மொட்டு விடும் நேரம் பார்த்துக் கீழிலைகள் மஞ்சளாயின. உரம் போதவில்லை என்றேன். உரம் போட்டார், இன்னும் மஞ்சளானது. வெளிச்சம் போதவில்லை என்றேன். இன்னொரு டியூப்லைட் மாட்டினார், மேலிலைகளும் மஞ்சளாயின. இருவரும் மணிக்கணக்கில் தொட்டிமுன் குந்தி, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். அக்கா கட்டிலிலிருந்து எங்களைப் பார்த்தபடி அவ்வப்போது "பூ" என்பாள். மல்லிகை கேட்கிறாள் என்று தினமும் ஒரு முழம் வாங்கித் தலைமாட்டில் வைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நோயாளிக்குக் கோபம் சகஜம் என்று எனக்கு நானே பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் இலையொன்றை மடித்து எடுத்துக்கொண்டு ரயிலேறி, இன்சீன் சந்தையில் உரம் விற்பவரிடம் காட்டினேன். செண்டுப்பூச் செடி என்றேன். அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உங்கள் செண்டுப்பூவுக்குத் தண்ணீரைக் குறையுங்கள், வேர் அழுகுகிறது, இந்த இலையை இன்னொருவரிடம் காட்டாதீர்கள் என்று பர்மியத்தில் மெதுவாகச் சொன்னார்.

ஓடிவந்து அத்தானைக் கேட்டேன். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை ஊற்றுகிறாராம். ஏன் என்றால், அக்காதான் அந்த மூலையையே பார்த்துப் "பூ, பூ" என்கிறாளே என்றார். பர்மியத்தில் பூ என்றால் சூடு. செடிக்குச் சூடு என்கிறாள் என்று ஊற்றியிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. செடி பூத்துவிட்டதா என்று தமிழில் கேட்டிருக்கிறாள், பாவம், மனுஷன் குடம் குடமாகக் கொட்டியிருக்கிறார்! கண்டுபிடித்த கர்வத்தோடு அவளிடம் குனிந்து, இன்னும் இரண்டே வாரத்தில் பூத்துவிடும் என்றேன்.

அவள் கண்ணை மூடி மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"பூதேடா... ஜன்னலத் தொற."

பர்மியத்தில் புழுக்கத்தைச் சொல்லி, தமிழில் ஒரு 'டா' போட்டிருந்தாள். அத்தானுக்குச் சொல் புரிந்தது, யாருக்குச் சூடு என்பது புரியவில்லை. எனக்கு இரண்டுமே புரியவில்லை. அப்போதுதான் பார்த்தேன்: கழுத்து முழுக்க வேர்க்குரு, தலையணை நனைந்து கிடந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜன்னலைத் திறந்தால் வாசனை தெருவுக்குப் போகும். அத்தான் இந்தமுறை என்னிடம் யோசனை கேட்கவில்லை. செடியை வேரோடு பிடுங்கி, துண்டு துண்டாக வெட்டி, சந்தைப்பையில் போட்டுக் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் ஆற்றில் விட்டுவிட்டு வந்தார். பிறகு கைலியை உருவி, ஜன்னலைத் திறந்தார். காற்று வந்தது.

சாயங்காலம் அக்கா அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள். அத்தான் கிண்ணத்தைக் கழுவவே மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எலையப் பாத்தே. என்னயப் பாத்தியா?"

அவள் கழுத்து வேர்க்குருவில் குளிர்ச்சிக்குப் பூச, சந்தனம் போலத் தனகாக் கட்டையை அரைக்க எழுந்து போனேன்.