செத்த பூச்சிக்கு மருந்து

அப்பாவுக்குக் காசநோய் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்ன அன்று, ஆறு மாத மாத்திரைக்கு நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தினமும் காலையில் அவர் மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துவிட்டு, கட்டபெட்டில் பஸ் ஏறி ஊட்டிக்குக் கல்லூரி போவேன்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. எஸ்டேட்டில் தேயிலைக்கு மருந்து அடிக்கும் வேலைக்கு அப்பா திரும்பினார். அந்தச் சமயம் பார்த்து எனக்குத் தேர்வு. பத்து நாள் ஊட்டியில் நண்பனோடு தங்கினேன். திரும்பி வந்தால், மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே கிடந்தன.

"பூச்சி செத்துப்போச்சு. செத்த பூச்சிக்கு எவனாச்சும் மருந்து அடிப்பானா?" என்றார் அப்பா. "அத முழுங்குனா ஒண்ணுக்கு வேற செவச்செவன்னு போகுது."

அது மாத்திரையின் நிறம்தான் என்று சொல்லிவிட்டு, சுகாதார நிலையத்தில் கொடுத்திருந்த நோட்டீஸை எடுத்து உரக்கப் படித்தேன். மருந்தைப் பாதியில் நிறுத்தினால் எதிர்ப்புச் சக்தி உண்டாகும் என்று அதில் இருந்தது.

"எதிர்ப்புச் சக்தி வந்தா நல்லதுதான கண்ணு?"

"உங்களுக்கு இல்லப்பா, கிருமிக்கு."

"கிருமிக்கு எதுக்குடா சக்தி?"

நான் மறுபடி முதலிலிருந்து படித்தேன். அடுப்படியிலிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, போன வருசம் தேயிலைச் செடியில செஞ்சிலந்திப் பூச்சி எல்லாம் செத்துப்போச்சுன்னீங்க. அப்புறம் எதுக்கு ரெண்டாம் ரவுண்டு அடிச்சீங்க?"

"முட்டை இருக்குமில்ல. ஒரே ரவுண்டோட உட்டா, பொரிச்சு வர்றது அந்த மருந்துக்கு அசையாது. அப்புறம் வேற மருந்துக்குப் போகோணும்..." அப்பாவின் கண் மாத்திரை அட்டைக்குப் போனது.

"அதத்தான் உங்க பையன் ஒரு மணி நேரமா படிக்கிறான். காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர்றதில்லையாட்ட இருக்குது."

காசநோய்க் கிருமி முட்டை இடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா மாத்திரை அட்டையைக் கையில் எடுத்திருந்தார். நோட்டீஸை மடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் இருவரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். விட்ட நாட்களை இரண்டு மூன்றாகக் குறைத்துச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்தேன். அப்பாவோ நர்ஸைப் பார்த்ததுமே, "பத்து நாள் அடிக்கலீங்க" என்றார். நர்ஸ் திட்டினார், அப்பாவைவிட என்னைத்தான் அதிகம். சளியை மறுபடி பரிசோதித்தார்கள். முடிவு வாங்க இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். கிருமி இல்லை என்றே வந்தது.

"விட்ட பத்து நாளையும் கடைசியில சேர்த்துச் சாப்பிடணும். சம்மதமா?" என்றார் நர்ஸ்.

"அஞ்சு நாள் கூடவே போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, அப்பா மாத்திரை அட்டையைப் பிரித்து, விழுங்கத் தண்ணீர் கேட்டார்.