பிரின்ட் போதும் என்றாள்

ஆரோக்கியசெல்வி மரக்காணத்து உப்பளக் கூலி வீட்டில் பிறந்து கம்ப்யூட்டர் படித்தவள். புதுச்சேரியில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சின்ன கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். மழை நெருங்கினால் உப்பள மேஸ்திரிகளின் செல்போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் புரோகிராமை அவள்தான் எழுதினாள். மெசேஜ் வந்ததும் ஆட்களைக் கூட்டி, உப்புக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடுவது மேஸ்திரியின் பொறுப்பு.

எழுதும்போதே பக்கத்து சீட் தேவநாதன் சொன்னான்: "செல்வி, ஒரு லாகிங் லைப்ரரி போட்டுடு. யாருக்கு எத்தனை மணிக்குப் போச்சு, எது போகலைன்னு ஃபைல்ல பதிஞ்சு நிக்கும்."

"இத்தனூண்டு புரோகிராமுக்கு எதுக்கு தேவா? ஸ்க்ரீன்ல பிரின்ட் பண்ணா போதும். நான் பார்த்துக்கிறேன்."

இரண்டு வாரம் பார்த்தாள். பிறகு அந்தக் கருப்புத் திரையில் வரிகள் தம்பாட்டுக்கு ஓடின.

ஏப்ரலில் ஒரு மதியம், அந்த வருஷத்தின் முதல் மழை கொட்டியது. கண்ணாயிரம் மேஸ்திரியின் அளத்தில் மட்டும் ஒரு குவியல்கூட மூடவில்லை. பத்து நாள் வாரிய உப்பு கரைந்து வாய்க்காலோடு போனது. "எனக்கு மெசேஜே வரலீங்க" என்றார் அவர். அளத்து முதலாளி கம்பெனிக்குப் போன் போட்டார்.

செல்வி திரையைப் பார்த்தாள். மழையில் கரன்ட் போய்க் கம்ப்யூட்டர் மறுபடி ஆன் ஆகியிருந்தது. பழைய வரி ஒன்றுகூட மிச்சமில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"எங்க சைடுல எல்லாருக்கும் போயிருக்குங்க சார். அவர் போனை ஆஃப் பண்ணி வச்சிருப்பாரு."

மறுநாளே கண்ணாயிரத்தை மேஸ்திரி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இருபது வருஷ மேஸ்திரி கூடை சுமக்க வந்தார். குடித்துவிட்டுப் படுத்திருப்பான் என்று டீக்கடையில் பேசினார்கள். அவர் குடிப்பவரே இல்லை.

செல்விக்கு உறுத்தியது. யாரிடமும் சொல்லாமல் லாகிங் லைப்ரரியைச் சேர்த்தாள். அடுத்த மழை வந்தபோது ஃபைலில் பதினோராவது வரி பளிச்சென்று நின்றது: அனுப்பப்படவில்லை. மெசேஜ் அனுப்பும் சேவை நிமிஷத்துக்குப் பத்தைத்தான் ஏற்கும், மிஞ்சியதைத் தள்ளிவிடும். பட்டியலில் கடைசியான பதினோராவது, கண்ணாயிரம் பார்த்த அளம்.

புது மேஸ்திரிக்கு உடனே போனில் சொல்லி உப்பைக் காப்பாற்றினாள். மறுநாள் காலை அளத்துக்குப் போனாள். கண்ணாயிரம் கூடையை இறக்கினார்.

"அண்ணே, உங்க மேல தப்பே இல்ல. என் புரோகிராம்தான் அனுப்பல. நான் ஒண்ணும் தெரியாமலே உங்க மேல போட்டுட்டேன்."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"என் பொண்ணே கேட்டாம்மா, குடிச்சியாப்பான்னு."

அவர் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

"என்கிட்ட சொல்லி என்னம்மா ஆவப்போவுது? அங்க வந்து சொல்லு."

எடை போடும் கொட்டகையில், முதலாளியும் கூலிப் பெண்களும் கேட்க, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டத்தில், அதே அளத்தில் கூடை சுமக்கும் அவளுடைய அம்மாவும் இருந்தாள். தலையிலிருந்த கூடையை இறக்காமலே அம்மா திரும்பி நடந்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்துக் கண்ணாயிரத்துக்கு மேஸ்திரி வேலை திரும்பக் கிடைத்தது. அவர் மகள் பிரியங்கா காலேஜுக்குப் போவதும் செல்வி போகும் பஸ்ஸில்தான். அவள் ஏறினால் செல்வி எழுந்து பின்பக்கம் போய் நின்றுகொள்கிறாள்.