முழுசு, ஆனா சரியில்ல

ராயபுரம் பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் கிறிஸ்டினாவுக்கு ஆயா வேலை. குழந்தை பிறந்ததும் எல்லோரும் அதன் முகத்தைப் பார்க்க ஓடுவார்கள். அவள் நஞ்சுக்கொடியைத் தட்டில் ஏந்திக்கொண்டு குழாயடிக்குப் போவாள். கழுவி, திருப்பிப் பார்த்து, துண்டு எதுவும் தாயின் வயிற்றில் தங்கவில்லையென்றால் "முழுசு" என்று குரல் கொடுக்க வேண்டும். டாக்டர் எழுதிக்கொள்வார். பிறகு அது கழிவு போடும் மஞ்சள் கவருக்குள் போகும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்று கைக்கு வந்தது. வழக்கத்தைவிடப் பெரிசு. வெளுத்திருந்தது. மேலே ஓடும் ரத்தக்குழாய்கள் தடித்து விறைத்துக் கிடந்தன. கேட்டது முழுசா என்றுதானே. "முழுசு" என்று சொல்லிக் கவரில் போட்டுவிட்டாள். அந்தத் தாய்க்குப் பிறந்தது டவுன் சிண்ட்ரோம் குழந்தை. ஒன்பதாம் நாள் வயிறு உப்பித் திரும்பி வந்தது, பிழைக்கவில்லை. ரத்தத்தில் கோளாறு என்றார்கள். யாரும் கிறிஸ்டினாவைக் குறை சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்கு மனசு ஆறவில்லை.

போன வருஷம் ஆடியில் வியாசர்பாடி யசோதராவுக்குப் பெண் குழந்தை. கண்ணின் சாய்வைப் பார்த்து, டவுன் சிண்ட்ரோமாக இருக்கலாம் என்றார் டாக்டர் டெபோரா. மற்றபடி நன்றாக அழுதது, பால் குடித்தது. குழாயடியில் கிறிஸ்டினாவின் கை நின்றது. அதே வெளுப்பு, அதே தடிப்பு.

"முழுசா?" என்றார் டாக்டர்.

"முழுசு மேடம். ஆனா சரியில்ல. இங்க வந்து பாருங்க."

டாக்டருக்கு அடுத்த பிரசவம் காத்திருந்தது. "அப்புறம் பாக்கலாம்மா."

"நீங்க பாக்காம கவர்ல போட மாட்டேன். புட்ச்சிகினு இங்கியே நிப்பேன்."

நின்றாள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவள் செய்த ஒரே மறியல் அது. டாக்டர் வந்து பார்த்தார், முகம் மாறியது. நஞ்சுக்கொடி பரிசோதனைக்கும் குழந்தையின் ரத்தம் லேபுக்கும் போயின. வெள்ளை அணுக்கள் தாறுமாறாக ஏறியிருந்தன, முதிராத அணுக்களும் நிறைய.

தகப்பன் ஜெயவேல் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவன். ஒரு டன்னுக்கு அசராத ஆள், இதற்கு ஆடிப்போனான். "ரத்தப் புத்துநோயா மேடம்?"

"பாக்க அது மாதிரிதான் இருக்கும். இந்தக் குழந்தைங்கள்ல முக்கால்வாசி பேருக்கு ரெண்டு மூணு மாசத்துல தானா அடங்கிடும். சிலருக்கு ஈரலைக் கெடுக்கும். அதான் இங்க வச்சுப் பாக்கணும்."

தானா அடங்கும் என்ற சொல்லை மட்டும் அவன் பிடித்துக்கொண்டான். சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு கிளம்பியவனை வராந்தாவில் கிறிஸ்டினா மறித்தாள்.

"எங்க நைனா போற?"

"வூட்டுக்கு ஆயாம்மா. ஊசி குத்திக் குத்தி பேஜாராக்குறாங்கோ, புள்ள தாங்காது."

"அடங்குதா இல்லியான்னு வூட்ல யாரு பாப்பாங்கோ? இதே மாதிரி ஒண்ண கண்ணால பாத்துட்டு வாயத் தொறக்காம இருந்தேன். அந்தப் புள்ள இன்னிக்கு இல்ல. உன் புள்ளய உட மாட்டேன்."

ஜெயவேல் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். ஆறாம் நாள் ஈரல் வீங்கியது. வார்டிலேயே இருந்ததால் அன்றைக்கே மருந்து ஏறியது, வீக்கம் மெல்ல வடிந்தது.

மூன்றாம் மாதம் ரத்தம் தெளிந்துவிட்டது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெயவேல் கிறிஸ்டினாவைத் தேடி வந்தான்.

"அந்த நோவு மறுபடி வந்தாலும் வரலாமாம் ஆயாம்மா. நாலு வயசு வரிக்கும் ரத்தம் பாக்கணுமாம்."

"இட்டுகினு வா. நான் ரிட்டயர் ஆவ இன்னும் அஞ்சு வருஷம் கீது."